மூன்று கொப்புளம்

இன்றைக்கும் போன் அடித்தால் காதுக்கு முன்னால் என் வயிறு கேட்டுவிடும். யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்பேன். எடுத்தால் கேஸ் சிலிண்டர்காரர் வழி கேட்பார். என் வீட்டுக்காரர் சிரிப்பார். பத்து வயதில் நான் எடுத்த ஒரு போனைப் பற்றி அவரிடம் நான் சொன்னதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் முதுநகரில் எங்கள் வீடு. அப்பா லாரிக்கு டிங்கரிங் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வராது. காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அம்மா வாசலைத் தாண்டுவது அவருக்குப் பிடிக்காது. ரேஷன் கடையானாலும் நான் கூடப் போகவேண்டும். சாயங்காலம் வந்து கையில் இருக்கிற கிரீஸைத் துடைக்கும்போதே கேட்பார், எங்கே போனீர்கள், யார் பேசினார்கள், எவ்வளவு நேரம் என்று. நான் ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். எதையாவது விட்டுவிட்டு பிறகு தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி அதையும் நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் காய்கறி வண்டிக்காரரிடம் அம்மா சிரித்துப் பேசியதையும் சேர்த்துச் சொன்னேன். மறுநாள் அம்மா இடது கையால் தோசை திருப்பினாள்.

அம்மாவுக்கு ஒரே தங்கச்சி, சிதம்பரத்தில் இருந்த சித்தி. சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பையனைத் தானாகவே கட்டிக்கொண்டாள். அவள் வாசப்படியை மிதித்தவர்கள் தன் வாசப்படியை மிதிக்கவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஒரு மணி நேரம். அக்காவும் தங்கச்சியும் பார்த்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் அம்மா சமயபுரத்துக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கவில்லை, சாமியிடம் கேட்டதை ஆளிடம் சொன்னால் பலிக்காது. மாரியம்மன் காரியம் என்றால் அப்பா வாயைத் திறக்கமாட்டார். அவருக்கு ஏழு வயதிருக்கும்போது அவர் தம்பியை அம்மை கொண்டுபோய்விட்டது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பொண்ணும் மாலை போடணும், கூடவே போகணும்.

இப்படித்தான் நான் பக்தையானேன். விடியற்காலையில் பச்சைத்தண்ணீர். காலில் செருப்பு கிடையாது. சத்துணவு முட்டையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அவள் தின்பதைப் பார்க்கவேண்டும். பொய் சொன்னால் ஆத்தா கண்ணைக் குத்துவாள், கோபம் வந்தால் உடம்பில் முத்து முத்தாக வந்து இறங்குவாள் என்று எங்கள் குழுவுக்குத் தலைவியான இட்லிக்கடைக்காரம்மா சொல்லியிருந்தார். மஞ்சள் பாவாடைக்குள் நான் ஜெயிலில் இருந்தேன்.

அம்மாவுக்கு அப்படி இல்லை. மாலை போட்டவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, ஆத்தா என்றுதான் கூப்பிடவேண்டும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு "ஏய்" என்பதைத் தவிர வேறு பேர் இருந்ததில்லை. இப்போது அப்பா, "ஆத்தா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். சாயங்காலம் கோவிலில் பஜனை முடித்து அம்மா எட்டு மணிக்கு வந்தாள். விசாரணை நின்றுபோனது. ஆத்தாவை யார் விசாரிக்க முடியும்? நாற்பத்தெட்டு நாள் அம்மா இரண்டு கையாலும் வேலை செய்தாள். எனக்கு அதுவும் பயமாகத்தான் இருந்தது. கேள்வி கேட்காத அப்பாவை எனக்குப் பழக்கமில்லை.

புறப்படுகிற நாள் மூன்று மணிக்குக் கிளம்பவேண்டும். அப்பா பட்டறைக்குப் போயிருந்தார், அவர் செல்போன் சார்ஜில் கிடந்தது. பதினொரு மணி இருக்கும், அடித்தது. எடுத்தேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து அப்பாவின் பங்காளி ஒருவர் பேசினார். படுத்த படுக்கையாக இருந்த பெரிய தாத்தா, அதாவது அப்பாவின் பெரியப்பா, தவறிவிட்டார், நாளைக் காலையில் எடுக்கிறார்கள், அப்பாவிடம் சொல் என்றார். சரி சொல்றேன் என்று வைத்தேன்.

உண்மையைச் சொல்வதானால் எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பங்காளி வீட்டில் சாவு என்றால் பதினாறு நாள் தீட்டு. மாலையைக் கழற்றியாகவேண்டும். நடக்கவேண்டாம், முட்டை தின்னலாம். கிணற்றடியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன்.

"குறிஞ்சிப்பாடியிலருந்து போனும்மா. பெரிய தாத்தா..."

அம்மா எழுந்து என் வாயைப் பொத்தினாள். மஞ்சள் ஈரம் என் மூக்குக்குள் போனது. மெதுவாகச் சொன்னாள்.

"இன்னிக்கு எந்த போனும் வரல. நீ எடுக்கல. நான் எதுவும் கேக்கல."

உள்ளே போய் போனின் பின்மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, திரும்பப் போட்டு, ஆன் பண்ணாமல் வைத்தாள். நாற்பத்தெட்டு நாளும் ஒரு வேளை சாப்பாட்டோடு இருந்தவள், கற்பூரம் காட்டும்போது கண்ணில் தண்ணீர் விடுகிறவள், தீட்டை மறைக்கிறாள். இரண்டரைக்கு அப்பா வந்து, வழக்கப்படி அம்மா காலில் விழுந்தார். பிறகு என் காலிலும் விழுந்தார். அவர் தலை என் கால்விரலில் பட்டபோது எனக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டது.

இருபத்திமூன்று பேர் நடந்தோம். மூட்டைகள் பின்னால் குட்டியானை வேனில் வந்தன. கால் வலிக்கிறது என்று யாராவது அந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தால் இட்லிக்கடைக்காரம்மா விடமாட்டார். "மூட்டைக்குத்தான் வண்டி. முட்டிக்கு இல்ல" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அவள் சிரிக்கச் சிரிக்க நான் வானத்தைப் பார்ப்பேன்.

மறுநாள் காலை புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு பம்புசெட்டில் குளிக்கும்போதுதான் பார்த்தேன். இடது அக்குளுக்குக் கீழே சிவப்பாக ஒரு கொப்புளம். பங்குனி வெயிலும் ஈர மஞ்சள் துணியும் என்று இப்போது சொல்லிவிடலாம். அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது, ஆத்தா கணக்கைத் தொடங்கிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் போனைச் சொல்லவேண்டும். முட்லூர் வரும்போது சட்டைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன், இரண்டு. பரங்கிப்பேட்டைக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு பாய் எங்களுக்கெல்லாம் நன்னாரி சர்பத் கொடுத்தார். நான் வாங்கி அம்மாவின் தம்ளரில் ஊற்றிவிட்டேன். வெயில் சாயும்போது மூன்று.

சிதம்பரம் எல்லையில் ரோட்டோரமாக ஜனங்கள் குடத்தோடு நின்றார்கள். நடந்து வருகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் புண்ணியம். வரிசையின் கடைசியில் ஒரு பெண், நெற்றியில் பொட்டில்லை, இடுப்பில் குழந்தை, கையில் பிளாஸ்டிக் குடம். சித்தி. அவள் குனிந்து அம்மாவின் காலில் தண்ணீர் ஊற்றினாள். கொப்பளித்திருந்த உள்ளங்காலைக் கையால் தேய்த்துவிட்டாள்.

"எவ்ளோ தூரம்க்கா நடந்து வர்ற?"

"பஸ்ல ஒரு மணி நேரந்தான்" என்றாள் அம்மா.

குழந்தையின் பேர் என்ன என்று அம்மா கேட்பதற்கே வெகுநேரம் ஆனது.

அன்றைக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கல். சித்தியும் எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருவர் வந்து, கேட்டுக்கு வெளியே எங்களைத் தேடி ஆள் நிற்பதாகச் சொன்னார். அப்பா. தலை மழித்திருந்தது. தீட்டோடு மாலைக்காரர்கள் இருக்கிற இடத்துக்குள் வரக்கூடாது என்று வெளியிலேயே நின்றார். நாங்கள் போனோம்.

பெரியப்பா தவறியதைச் சொன்னார். எடுத்து முடித்துவிட்டு நேரே வருவதாகச் சொன்னார். மாலையைக் கழற்றிவிட்டுக் கிளம்பச் சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாது மாமா" என்றாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"குறிஞ்சிப்பாடியில சொன்னாங்க. சின்னப் பொண்ணு எடுத்துச்சு, சரி சொல்றேன்னு வெச்சிடுச்சுன்னு. எடுத்தது நீதான?"

ஆத்தா என்ற வார்த்தை அதில் இல்லை. அம்மாவின் வலது கை, முந்தானையைப் பிடித்திருந்தது. ஆமாம் என்றால் அந்தக் கை. இல்லை என்றால் என் கண். நான் செய்தது ஒன்றுதான். சட்டையைத் தூக்கி இடது கையை உயர்த்திக் காட்டினேன்.

அம்மா மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என் உடம்பை உற்றுப் பார்த்ததில்லை. பிறகு நிமிர்ந்தாள்.

"மாமா, ஆத்தா வந்திருக்கா."

அப்பா இரண்டு அடி பின்னால் போனார். கை தானாகக் குவிந்தது. இட்லிக்கடைக்காரம்மா வந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் அக்குளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அப்பாவின் மொட்டைத் தலையைப் பார்த்தார்.

"முத்துதான். புள்ளைய பஸ்ஸுல ஏத்தக்கூடாது. எந்த ஊர்ல பூத்துச்சோ அந்த ஊர்லயே மூணு தண்ணி ஊத்தணும். தாய்க்காரி கூட இருக்கட்டும். தீட்டுக்காரங்க வாசப்பக்கமே வரக்கூடாது."

இங்கே யார் வீடு இருக்கிறது என்று அப்பா கேட்டார். எங்களுக்குப் பின்னால் குழந்தையோடு சித்தி வந்து நின்றாள். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசினார்.

"வேப்பல இருக்குதா உங்க வீட்டாண்ட?"

"எதிர்லயே மரம் மாமா" என்றாள் சித்தி.

ஒன்பது நாள் சித்தி வீட்டில் படுத்திருந்தேன். சுவரில் மாதா படம், அதற்குப் பக்கத்து ஆணியில் வேப்பிலைக் கொத்து. சித்தப்பா வேலைக்குப் போகுமுன் மரம் ஏறித் தழை ஒடித்துப் போட்டுவிட்டு, கதவருகே நின்று, "ஆத்தா இன்னிக்கு எப்படி இருக்காங்க?" என்று என்னைக் கேட்பார். கேலியா மரியாதையா என்று தெரியாமல் நான் போர்வைக்குள் போவேன். தினமும் காலையில் அம்மா தில்லைக்காளி கோவிலுக்குத் தீர்த்தம் வாங்கப் போனாள். தனியாகப் போனாள். தீர்த்தம் வாங்க அவ்வளவு நேரம் ஆகாது. அம்மாவுக்கு என்ன ஆச்சோ, யார் பேசினார்களோ, அப்பா கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று மனசு அடித்துக்கொள்ளும். வெயிலில் சிவந்த முகத்தோடு, வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வருவாள். வந்ததும் என் கையைத் தூக்கிப் பார்ப்பாள், "இன்னும் இருக்கா" என்பாள். எனக்கு எரியவும் இல்லை, அரிக்கவும் இல்லை. முத்து உள்ளுக்குள் போய்விட்டது, அதனால்தான் வலி இல்லை, நான் சாகப்போகிறேன் என்று முடிவு செய்தேன். அடுத்த அறையில் அம்மாவும் சித்தியும் பாத்திரம் விழுகிற மாதிரி சிரிப்பார்கள். சாகப்போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு அழுகை வரும்.

அந்தச் சமயத்தில் சாமியை ஏமாற்றினாயா என்று பெரியவளான பிறகு ஒருமுறை அம்மாவிடமே கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அது முத்துதான், நான் கூப்பிட்டேன், ஆத்தா வந்தாள், அதில் ஏமாற்ற என்ன இருக்கிறது என்றாள். அடுத்த வருஷம் சமயபுரம் வரை நடந்து வேண்டுதலை முடித்தாள்.

ஒன்பதாம் நாள் மூன்றாவது தண்ணீர். முற்றத்து வெயிலில் வைத்திருந்த வேப்பிலைத் தண்ணீரை அம்மா என் தலையில் சொம்பு சொம்பாக ஊற்றினாள். மறுநாள் காலை கடலூர் பஸ். ஊற்றிக்கொண்டே அழுதாள். கடைசிச் சொம்பை மொண்டு, ஊற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சித்தி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பல் தந்தியடித்தது. "ஊத்தும்மா, குளுருது" என்றேன். ஆத்தா என்னை மன்னித்துவிட்டாள், அந்தச் சந்தோஷத்தில்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, சீக்கிரம் ஊத்தும்மா என்று மறுபடியும் சொன்னேன்.