இடிந்ததாகக் கட்டிய கோட்டை

"அந்தத் தூக்குக்குண்டை இங்க குடுங்க," என்று சூப்பர்வைசர் பத்மநாபன் கையை நீட்டினார்.

சுவரின் நேர் பார்க்கும் அந்தக் குண்டைக் கொத்தனார் சோலைமுத்து கொடுத்துவிட்டார். மூன்றாவது முறையும் சுவர் நேராக வந்துவிட்டது. துபாய் ஓட்டல் ஒன்றின் தோட்டத்தில் அயர்லாந்துக் கோட்டை கட்டுகிறார்கள். கட்டும்போதே அது இடிந்ததாக இருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் தோகாவிலும் துபாயிலும் கல் வைத்த கை, கோணல் கேட்டால் தரவில்லை.

"இனிமே கட்ட வேணாம். சம்மட்டி எடுத்து மேல்பாதியை உடைச்சு விடுங்க."

"நான் கட்டுனத நான் உடைக்க மாட்டேன் சார். ஜாபர உடைக்கச் சொல்லுங்க."

அவருடைய ஊரான முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கொத்தனார்களிடம் ஒரு பேச்சு உண்டு. கட்டிய கையே இடித்தால் அந்தக் கொத்தன் தன் சொந்த வீட்டில் குடியிருக்க மாட்டான். சோலைமுத்துவின் வீட்டுக்கு ஆவணி பதினான்கில் பால் காய்ச்சுகிறார்கள். ஆறு வருடமாக யார் யாரோ கட்டிய வீடு. அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். லீவுக் கடிதம் பத்மநாபன் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

கலவை போடும் ஜாபர் சாதிக் சம்மட்டியால் ஒரு மூலையை உடைத்துக் காட்டினான்.

"முனிசிபாலிட்டிக்காரன் இடிச்ச மாதிரி இருக்கு," என்றார் பத்மநாபன். "தானா இடிஞ்ச மாதிரி வேணும்."

கோட்டைக்கு முன்னால் நடப்போகிற பலகையில் இருப்பதை அவர் தமிழில் சொன்னார். அயர்லாந்தில் ஒரு பிரபு. இதைவிட நல்ல கோட்டை இன்னொருவனுக்கு அமைந்துவிடக் கூடாதென்று, வேலை முடிந்த அன்றே சாரத்தைப் பிரித்துக் கொத்தனை உச்சியிலேயே விட்டுவிட்டான். கொத்தன் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துக் கீழே போட்டான். மேல்பாதி இல்லாததற்கு அதுதான் காரணமாம்.

"எறங்குனானா சார்?" என்று கேட்டார் சோலைமுத்து.

"பலகைல அவ்வளவுதான் இருக்கு. நாளைக்கு ஓட்டல்காரங்க வராங்க. அவங்களுக்குப் பிடிச்சா உங்க லீவுல கையெழுத்துப் போடறேன்."

"ஏறு மாமா, நான் சாரத்தப் பிரிக்கிறேன்," என்றான் ஜாபர்.

"பிரிப்படா நீ."

அப்போது ஊரிலிருந்து போன். மனைவி பஞ்சவர்ணம். "பந்தலுக்குச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழம வந்துருவீகல்ல?"

"வந்துருவேன்."

உளியை எடுத்துக்கொண்டு ஏறினார். முதல் கல்லைப் பெயர்க்கும்போது கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். அடுத்ததற்குக் கும்பிடத் தோன்றவில்லை. மழை எந்த இணைப்பில் இறங்கும், எந்தக் கல் முதலில் விழும் என்று கொத்தனுக்குத் தெரியும். சாயங்காலம் பார்த்தபோது நானூறு வருட மழை பெய்து ஓய்ந்த சுவராக நின்றது.

மறுநாள் பத்து மணிக்கு ஓட்டல்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நீச்சல்குளத்துப் பக்கம் இதே மாதிரி இன்னும் இரண்டு இடிந்த கோட்டை வேண்டும், இதே ஆள்தான் செய்ய வேண்டும் என்றார்கள். பத்மநாபன் லீவுக் கடிதத்தில் ஆகஸ்டை அடித்து டிசம்பர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மதியம் சோலைமுத்து ஊருக்குப் பேசி, பால் காய்ச்சும்போது தன் இடத்தில் தம்பியை நிற்கச் சொன்னார். மூன்று மணிக்கு வெயில் இடைவேளை முடிந்தது. நீச்சல்குளத்துப் பக்கம் அடுத்த கோட்டையின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள்.