புள்ளியும் தூசியும்

அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பதினோரு வருடம் தையல் ஆலையில் சட்டைகளைச் சரிபார்த்தாள். ஒரு நூல் பிசிறுகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. தம்பி போட்டோ ஸ்டுடியோ திறந்ததும் ஆலையை விட்டுவிட்டு அவனோடு வந்து உட்கார்ந்தாள். புதிதாக யாரைப் பார்த்தாலும், "என் தம்பி எடுத்த படத்தைப் பாத்திருக்கீங்களா?" என்பதுதான் முதல் பேச்சு.

இருவரும் வேலையை இரண்டு கணினி புரோகிராமாகப் பிரித்துக்கொண்டார்கள். கேமராவில் பதிந்தபடியே இருக்கும் ரா படங்கள் முதலில் அக்காவின் கணினிக்கு வரும். வெளிச்சத்தையும் நிறத்தையும் அவள் ஒரு புரோகிராமில் சரிசெய்வாள். அதில் எதை மாற்றினாலும் மூலப்படம் கெடாது. பிறகு அதன் பிரதி தம்பியிடம் போகும். தூசி, கீறல்களை இன்னொரு புரோகிராமில் ஒவ்வொன்றாக அழிப்பது அவன் பாடு. ஊரார் வேலையில் எல்லாம் குறை கண்டுபிடிக்கும் அக்கா, தம்பி முடித்த படத்தை மட்டும் திரும்பிப் பார்த்ததில்லை. அவன் கை பட்டால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் எண்ணம்.

பீங்கான் செய்யும் கோப்பைக்காரம்மா அறுபது கோப்பைகளைக் கொண்டுவந்து இறக்கினார். விலைப்பட்டியல் புத்தகத்துக்குப் படம் வேண்டும். பிடித்துப்போனால் வருடம் முழுக்க வேலை. ஸ்டுடியோவுக்கு இவ்வளவு பெரிய வாய்ப்பு வந்ததே இல்லை. தம்பி விளக்கோடும் நிழலோடும் போராடிப் படம் எடுத்தான். அக்கா ஒவ்வொரு கோப்பையையும் திரைக்குப் பக்கத்தில் வைத்து, கோப்பையின் பச்சையும் படத்தின் பச்சையும் ஒன்றா என்று ஒத்துப் பார்த்தாள். தூசியை அழிக்க உட்கார்ந்த தம்பி இரண்டு நாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அச்சுக்கு முந்தைய நாள் காலை கோப்பைக்காரம்மா வந்து பார்த்தார். நான்காவது படத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது என் கோப்பை இல்லையே. மேல இருந்த பழுப்புப் புள்ளியெல்லாம் எங்க?"

தம்பிக்கு முகம் வெளிறியது. "அது... தூசின்னு நெனச்சு எடுத்துட்டேம்மா."

"அறுபதுலயுமா?"

"ஒண்ணு விடாம."

"அடப்பாவி! அந்தப் புள்ளி வரணும்னு ஆறு மாசம் சூளையோட மல்லுக்கட்டியிருக்கேன். பாத்திரம் தேய்க்கிற நாருகூட இப்படித் துடைக்காதே!"

நிறம் ஒத்துப் பார்த்தபோதே புள்ளிகளை அக்கா கவனித்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முடித்ததை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

"தப்பு என்னோடதும்தாம்மா. மூலப்படம், நான் வச்ச நிறம், எல்லாம் அப்படியே இருக்கு. சாயங்காலம் வாங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அக்கா புதிய பிரதிகளை எடுத்துக் கொடுத்தாள். கோப்பைகளை மேசையில் வரிசையாக வைத்து, தம்பிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இது தூசியா, புள்ளியா?"

அவள் கோப்பையை வெளிச்சத்தில் திருப்பினாள். "புள்ளி. கை வைக்காத."

"இது?"

"தூசி. எடு."

"எனக்குக் கண்ணே தெரியலங்கிற?"

"கண்ணு இருக்குடா. கோப்பையைக் கையில எடுத்துப் பாக்கத்தான் சோம்பல்."

சாயங்காலம் கோப்பைக்காரம்மா அறுபது படங்களையும் அவசரமில்லாமல் பார்த்தார். கடைசிப் படம் முடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அடுத்த மாசம் தட்டு கொண்டுவரேன். அதுல புள்ளி இன்னும் ஜாஸ்தி. அக்காவும் தம்பியும் சேந்தே உக்காருங்க."