பாய் உக்காந்திருந்த பேண்ட்டு

துணிக்கடையில நிக்கிறவனுக்குத் துணியப் பத்தித் தெரியலன்னாலும் பரவாயில்ல, ஆளுங்களோட இடுப்பப் பத்தித் தெரியணும். வாய் ஒரு அளவு சொல்லும், இடுப்பு ஒரு அளவு இருக்கும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னு நின்னு கால் வீங்கினவங்க யாராவது இதப் படிச்சா, சிரிக்க மாட்டீங்க, தலைய மட்டும் ஆட்டுவீங்க.

கடலூர் ஓ.டி.யில, அதான் பழைய டவுன்ல, துறைமுகத்துக்குப் போற ரோட்டுல ஹனீபா பாய் கடை. அறுபதுகள்ல நான் அங்க சேல்ஸ்மேன். கடையில இருந்த கண்ணாடி மொகம் பாக்குற அளவுதான். அதனால இடுப்புக்குக் கீழ நான்தான் கண்ணாடி. பேண்ட்டு போட்டுப் பாக்குறவர் நாலு அடி நடப்பார், அதே நடைய நான் அவருக்கு நடந்து காட்டுவேன். பின்னாடி தொளதொளன்னு இருந்தா அதையும் சேத்துக் காட்டுவேன். சில பேரு கோவிச்சிகினு போயிடுவாங்க. பாய் என்னை மொறைப்பாரு.

துணிக்கு ஆணி

பாயோட மச்சினன் சிங்கப்பூர் கப்பல் டாக்குல வேலை. லீவுக்குப் பரங்கிப்பேட்டை வந்தவரு, ஒரு புதன்கிழமை கடைக்கு ஒரு மூட்டை அனுப்பினாரு. டார்ச் லைட்டு, சென்ட்டு பாட்டிலு, அடியில பதினோரு நீலப் பேண்ட்டு. இன்னிக்கு ஜீன்ஸுன்னா எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு நாங்க அதப் பாத்ததே இல்ல. ஒண்ண எடுத்து மேசையில வச்சா, அது மடங்க மாட்டேன்னுச்சு. கையில தூக்கினா நனைஞ்ச கோணி மாதிரி கனம். மஞ்ச நூல்ல ரெட்டைத் தையல். நானும் பாயும் ஆளுக்கொரு காலப் புடிச்சு, தேர் இழுக்குற மாதிரி இழுத்தோம். எங்களுக்குத்தான் மூச்சு வாங்குச்சு, அதுல ஒரு நூலு அசையல.

அப்புறம்தான் பாய் கண்ணுல அது பட்டுது. பாக்கெட்டு ஓரத்துல செம்புக் குமிழு. வெரலால தடவிப் பாத்தாரு, கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு, நகத்தால நெம்பிப் பாத்தாரு. "ரத்னம், சட்டைக்குப் பொத்தான் வைப்பான், செருப்புக்கு ஆணி அடிப்பான். அல்லா மேல ஆணை, இவன் துணிக்கே ஆணி அடிச்சிருக்கான்டா!"

கைலியும் சேந்த அளவு

அன்னிக்கே மாசிலாமணி வந்தான். நம்ம துறைமுகத்துல கப்பல் கரைக்கு வராது, கடலுக்குள்ள தள்ளி நிக்கும். படகுல சரக்கு போகும், ஆளுங்க கயித்து ஏணி புடிச்சு கப்பல்ல ஏறுவாங்க. மாசிலாமணி அந்த வேலை. போன வாரம் ஒருத்தனுக்குக் கைலி ஏணியில சுத்தி, விழுந்து கால் ஒடஞ்சு போச்சு. மேஸ்திரி சொல்லிட்டாரு: திங்கக்கெழமையிலேருந்து பேண்ட்டு போட்டவன்தான் ஏணியில கை வைக்கணும், மத்தவன் வீட்டுக்குப் போ. மாசிலாமணிகிட்ட இருந்தது ஒரே ஒரு காக்கி, அதுவும் காலத் தூக்கினா நடுவுல கிழியிறது. வீட்டுல அவனை நம்பி அஞ்சு பேரு.

போட்டுப் பாக்கத் தனி ரூம் ஏது? நாலு பேரு முன்னாடி நம்ம ஆளுங்க கைலியக் கழட்டுவாங்களா? கைலிக்குள்ளயே பேண்ட்ட ஏத்தி, பொத்தான் போட்டு, அப்புறம் கைலியத் தூக்கிக் காட்டுவாங்க. அவனும் அப்படித்தான் காட்டினான். கச்சிதம். நான் அவன் நடைய நடந்து காட்டினேன், எனக்கே பொறாமையா இருந்துது.

மறுநாள் காலையில ஒரு கையால இடுப்பப் புடிச்சிகினு வந்து நின்னான். அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. நேத்து பாதிக் கைலி பேண்ட்டுக்குள்ள போயிருந்துது. அந்த அளவு மாசிலாமணிக்கு இல்ல, மாசிலாமணிக்கும் கைலிக்கும் சேத்து! இத்தனை வருஷமா இப்படித்தான் ஊருக்கே வித்திருக்கேன். அவன் கோவமே படல, நெசமாவே கவலையாத்தான் கேட்டான்: "நேத்து நல்லாத்தான இருந்துது மச்சான். ஒரே நாள்ல நான் எளைச்சுட்டனா, இல்ல உன் பேண்ட்டு கொழுத்துடுச்சா?"

மூணாவது படி

ரெண்டு சைஸு கம்மியா எடுத்துக் குடுத்தேன். இடுப்புல அட்டை மாதிரி ஒட்டிக்கிச்சு. ஆனா புதுத் துணி, பலகைதான். கடை அலமாரிக்கு ஏறுற மர ஏணியக் காட்டி, ஏறுடான்னேன். மொதப் படி ஏறினான். ரெண்டாவதுல பல்லக் கடிச்சான். மூணாவதுல முட்டி மடங்க மாட்டேன்னுடுச்சு. பொய்க்கால் குதிரை எறங்குற மாதிரி எறங்கி வந்தான்.

"நிக்கறதுக்கு ராஜா மாதிரி இருக்குது மச்சான். ஆனா மேஸ்திரி என்னை நிக்கவா கூப்புடுறாரு, ஏறவில்ல கூப்புடுறாரு?"

சிதம்பரத்துல தனியா நின்னது

வெள்ளிக்கெழமை பாய் என்னை மூணு பேண்ட்டோட சிதம்பரம் அனுப்பினாரு, காலேஜ் ஹாஸ்டல்ல பசங்க வாங்குவாங்கன்னு. எனக்கு வேற கணக்கு. அங்க ஒரு பையனுக்கு அவுங்க மாமா பினாங்குலேருந்து இதே பேண்ட்ட எப்பவோ அனுப்பிட்டாராம். அத எப்படி வழிக்குக் கொண்டாந்தான்னு கேட்டுட்டா, மாசிலாமணி பொழைச்சுக்குவான்.

பையன் சொன்னான்: "ஒரு மாசம் அதப் போட்டுகினேதான் தூங்கினேன் சார். ரெண்டு தடவ நனைச்சு ஒடம்புலயே காய வச்சேன்." ஒரு மாசமா! என் கையில இருந்தது ரெண்டு நாளு. சரி, அந்த மெதுவான பேண்ட்டையாவது கண்ணால பாக்கலாம்னா, அது வெளுக்கப் போயிருந்துது. அந்த நேரம் பாத்து சலவைக்காரரு வந்தாரு. வெளிநாட்டுத் துணியாச்சேன்னு மரியாதையா ரெட்டைக் கஞ்சி போட்டுட்டாரு, பாவம். பசங்க சுத்தி நின்னு, கோயில்ல நிக்கிற மாதிரி நின்னானுங்க. ஒருத்தன் கிட்டப் போயி தட்டிப் பாத்தான், டொக்குன்னுச்சு. நானும் தட்டிப் பாத்தேன், பொய் சொல்லல.

பையன் வாசலுக்கு வர்றதுக்குள்ள சலவைக்காரரு பெருமையா கொரல் குடுத்தாரு: "தம்பி, உங்க பேண்ட்ட வராந்தாவுல நிக்க வச்சிருக்கேன், சாயாது, நிதானமா வாங்க!"

பாய்க்குக் கீழ

சனிக்கெழமை மாசிலாமணி கடைக்கு வந்து, மர ஏணியோட மூணாவது படியப் பாத்துகினு நின்னான். பாய் நாற்காலியில உக்காந்தபடியே பாடம் நடத்துனாரு. அவருக்குப் பேண்ட்டுன்னா ஒரே பரீட்சைதான்: போட்டுகினு குனிஞ்சு நிமிந்து தொழுவ முடியணும், சம்மணம் போட்டுச் சாப்புட முடியணும். "அது முடியாதது துணி இல்ல, தகரம்."

அவரு பேசப் பேச நான் அவரு நாற்காலியப் பாத்தேன். அந்த இரும்பு நாற்காலி குளுந்து அடிக்குதுன்னு அடியில ஒண்ணு மடிச்சுப் போட்டிருந்தாரு. ஓரத்துல மஞ்ச ரெட்டைத் தையல். மச்சினன் போட்டுத் தேஞ்ச பேண்ட்டு, போன லீவுல சென்ட்டு பாட்டிலுக்குச் சுத்தி வந்தது, கந்தல்னு நெனச்சு யாரும் பிரிச்சே பாக்கல. மூணு வருஷம் சிங்கப்பூர் டாக்குல ஏறி எறங்கினது, ஒரு வருஷம் பாயத் தாங்கினது. பாயத் தாங்குறதுன்னா சும்மாவா?

"பாய், கொஞ்சம் எந்திரிங்க."

"நான் உக்காந்திருக்கறதயா கேக்குற? பழைய துணி வித்தான்னு ஊரு சிரிக்கும்டா!"

"விக்க வாணாம். சும்மா குடுங்க."

பாய் யோசிச்சாரு. எந்திரிச்சாரு.

முட்டியில வெளுத்து, கையில எடுத்தா கொழந்தைத் துணி மாதிரி மெது. ஆனா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா ஒரு எழை போகல. இந்த வாட்டி நான் அவன் கைலிய ரெண்டு கையால திரையா விரிச்சுப் புடிச்சேன். அவன் உள்ள நின்னு போட்டான். குந்தினான், சம்மணம் போட்டான், மர ஏணியில கடகடன்னு ஏறி கூரையத் தொட்டான். மச்சினனும் மாசிலாமணியும் ஒரே வார்ப்பு போல. நாங்க ரெண்டு பேரும் அண்ணாந்து பாத்துகினு நின்னோம்.

பாய் மெதுவா சொன்னாரு: "நான் ஒரு வாட்டி எந்திரிச்சிருந்தா, இந்தப் பிரச்சன புதன்கெழமையே முடிஞ்சிருக்கும்ல?"

கொக்கி

திங்கக்கெழமை எனக்கு இருப்புக் கொள்ளல. லீவு சொல்லிட்டு நானும் படகுல ஏறிட்டேன். துணி குடுத்தவன் கப்பல் வரைக்கும் கூடப் போனது அன்னிக்குத்தான். அலை படகத் தூக்கித் தூக்கிப் போடுது, மேலேருந்து ஏணி ஊஞ்சலாடுது. மாசிலாமணி தாவிப் புடிச்சான். பாதி ஒசரம். அங்க ஒரு படி ஈரம், கால் வழுக்கிடுச்சு, கையும் விட்டுடுச்சு.

கப்பல் பக்கவாட்டுல நீட்டிகினு இருந்த ஒரு இரும்புக் கொக்கி அவன் பின் பாக்கெட்டுல மாட்டுச்சு. ஆளு அப்படியே தொங்குறான். கீழ படகு, படகுக்கும் கப்பலுக்கும் நடுவுல தண்ணி வாயத் தொறந்து தொறந்து மூடுது. நான் பாத்தது அவனை இல்லீங்க, அந்தச் செம்புக் குமிழ. ஒரு ஆளோட மொத்த கனமும், அஞ்சு பேரு சோறும், ஒரு பட்டாணி அளவு செம்புல தொங்குச்சு. கிழியும் கிழியும்னு என் காது காத்துகினு இருந்துது. கிழியல. அவன் கைய வீசி ஏணியப் புடிச்சு, கொக்கியிலேருந்து விடுவிச்சிகினு, மேல போயிட்டான்.

மேஸ்திரி மேலேருந்து எட்டிப் பாத்தாரு. மாசிலாமணியத் திருப்பி நிறுத்தி, அந்தப் பாக்கெட்டத் தொட்டுப் பாத்தாரு. கொக்கி கீறின வெள்ளைக் கோடு ஒண்ணு, அவ்வளவுதான். இது எங்க கெடைச்சுதுன்னு கேட்டிருப்பாரு போல, அவன் ஏதோ சொன்னான். மேஸ்திரி படகுல இருந்தவங்களப் பாத்துக் கத்தினாரு: "டேய், எல்லாரும் ஹனீபா பாய் கடைக்குப் போங்கடா! புதுசு வாணாம், பாய் உக்காந்து குடுத்ததுதான் வேணும்னு கேளுங்க!"

அதுக்கப்புறம் ஒரு வருஷம் பாய் தொழுகைக்கும் சோத்துக்கும் தவிர நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல, ஏன்னா அவருக்குக் கீழ ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சு பேண்ட்டு பழுத்துகினு இருந்துது.