மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது முடித்த பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், மகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதமும்தான். இதை எழுதும்போதும் யாராவது பக்கத்தில் வந்தால் நோட்டை மூடிவிடுகிறேன். போன மாதம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பிள்ளைகளின் போனை எப்படிக் கவனித்துக்கொள்கிறீர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று டீச்சர் கேட்டார். இரண்டு பேர் எழுந்து சொன்னார்கள். எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பெருமையாகச் சொல்லக்கூடியதாக இருந்திருந்தால் ஒருவேளை எழுந்திருப்பேன்.

எடப்பாடிப் பக்கம் ஒரு தறிப்பட்டறையில் வேலை செய்கிறேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. ஒரே கூரைக்குக் கீழே எட்டு விசைத்தறிகள் ஓடினால், காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் பட்டறையில் யாரும் கத்துவதில்லை. குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைப்போம், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். வந்த புதிதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வருஷத்தில் பழகிவிட்டது. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிற நான் வாழ்க்கையில் அதிகமாகப் பேசியது அந்தப் பட்டறைக்குள்தான்.

பட்டறைக்கு எதிரிலேயே எங்கள் வீடு. முதலாளி வேலைக்காரர்களுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுகளில் முதல் வீடு. என் வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் நாலைந்து மாதம் கழித்துத்தான் வருவார். வீட்டில் நானும் மகளும் மட்டும். அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பாடக் குறிப்பெல்லாம் இப்போது வகுப்பு குரூப்பில்தான் வருகிறது என்பதால் அவளுக்குத் தனியாக ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம்.

அந்த வாரமே பள்ளிக்கு ஒரு போலீஸ் அம்மா வந்து பெற்றோரிடம் பேசினார். கதவைச் சாத்திக்கொண்டு போன் பார்க்க விடாதீர்கள், உங்கள் கண்ணெதிரில் உட்கார்ந்து பார்க்கட்டும், யாரோடு பேசுகிறார்கள் என்று தெரிந்து வைத்திருங்கள் என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். ஏதாவது தப்பாக நடந்துவிட்டது தெரிந்தால் எடுத்தவுடன் கை நீட்டாதீர்கள், அடுத்த தடவை பிள்ளை யாரிடமும் சொல்லாது என்றார். அதற்கும் எல்லோரையும் போல நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். சாயங்காலம் நான் தறியில் நிற்கும் நேரத்தில் போன் பார்ப்பதாக இருந்தால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். என் தறி பட்டறைக் கதவை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து பதினைந்து அடியில் அவள் முகம் தெரியும். அவளும் மறுப்புச் சொல்லவில்லை. இந்தச் சத்தத்தில் அம்மாவுக்கு ஒன்றும் கேட்காது என்று நினைத்திருப்பாள். நாங்கள் வாயைப் பெரிதாகத் திறந்து பேசிக்கொள்வதைச் சின்னதிலிருந்தே பார்த்துக் கேலி செய்தவள்தான். ஆனால் சாதாரணமாகப் பேசுகிற உதட்டையும் தூரத்திலிருந்து படிக்க முடியும் என்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அவள் பேசுவதெல்லாம் ஒரே ஒரு தோழியோடு. இரண்டு ஸ்டாப் தள்ளி இருக்கிற ஊர்க்காரப் பெண், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படிக்கிறவள். வீடியோ காலில் இருவரும் அரை மணி நேரம் பேசுவார்கள். முதல் வாரம் பயத்தோடு பார்த்தேன். தப்பாக ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் பார்த்தேன். அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

"என்ன புள்ள சொல்லுது உன்ற மக?" என்று பக்கத்துத் தறி அக்கா வாயசைப்பார்.

"நான் வச்ச கொழம்பு கழனித்தண்ணியாட்டம் இருக்குதாமா."

"பொய் சொல்லலயே. நானுந்தான் தின்னு பாத்தனே."

இரண்டு பேரும் சிரிப்போம். நான் நடக்கிற மாதிரி அவள் நடித்துக் காட்டியதையும் பட்டறையில் சொன்னேன். பொங்கலுக்கு அப்பா வரவில்லை என்று அவள் தோழியிடம் அழுததையும் சொன்னேன்.

"அவனவன் ஊட்டுக்கு கேமரா மாட்டறான். உனக்கெதுக்கு புள்ள கேமரா, நீயே கேமராதான்" என்றார் அக்கா. அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் முகம் சரியில்லை. போனை மடியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். பிறகு தோழியை அழைத்தாள். அவள் சொன்னது அப்படியே என் நினைவில் இருக்கிறது.

"போன்ல புதுசா மெசேஜ் பண்ணுனதப் பொண்ணுன்னு நெனச்சுத்தான்டி பேசுனேன். இப்ப போட்டோ அனுப்பு, போட்டோ அனுப்புங்குது. எனக்கென்னமோ பொண்ணே இல்லைன்னு தோணுது. நான் அனுப்பல. பிளாக் பண்ணிட்டேன். ஆனா பயமா இருக்குதுடி." கொஞ்சம் நிறுத்தி, பட்டறைப் பக்கம் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம தறி நிக்கும்ல, அப்ப அம்மாகிட்ட சொல்லிடுவேன். இப்ப சொன்னா அம்மாவுக்கு வேலையே ஓடாது."

எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட விடவில்லை. அதற்குள் என் தறியில் இழை அறுந்து, நான் குனிந்து முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது அவள் உள்ளே போயிருந்தாள்.

வேலை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் யோசிக்க எனக்குக் கிடைத்தது. கோபத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. அவள் அனுப்பவில்லை என்று தெரியும். என்னிடம் சொல்லப் போகிறாள் என்றும் தெரியும். ஆனாலும் போய்க் கன்னத்தில் அறைந்தேன்.

"போட்டோ கேக்கறானாமே, எவன்டி அவன்?"

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். "உனக்கு யாரு சொன்னா?"

நான் கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்தேன்.

"அவதான் போன் பண்ணுனாளா? அவளத் தவிர யாருக்குமே தெரியாதும்மா."

தோழியிடம் என் நம்பர் இருந்தது. மகளுக்குப் போன் இல்லாத காலத்தில் என் போனுக்குத்தான் பேசுவாள். உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து மகளின் வாயைப் பார்க்க முடியாது என்று என் புத்தி கணக்குப் போட்டது.

"யாரு சொன்னா என்ன? உன் மேல அக்கறை இருக்கறவங்க சொன்னாங்க" என்றேன்.

அவள் போனைத் திறந்து என் கையில் கொடுத்தாள். வந்த செய்திகள், அவள் முடியாது என்று எழுதியது, பிளாக் செய்தது எல்லாம் இருந்தன. புதிதாகத் தெரிந்துகொள்வது போல ஒவ்வொன்றாகப் படித்தேன். பிறகு போனைத் திரும்ப வாங்கி, தோழியின் நம்பரையும் பிளாக் செய்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் பஸ் ஏறி வந்துவிட்டாள், ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பெண் பட்டறை வாசலுக்கு வந்தாள். எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கத்திச் சொன்னாள்.

"நான் உங்களுக்குப் போனே பண்ணலீங்களேம்மா! நான்தான் சொன்னேன்னு அவ பேச மாட்டீங்கறா. நீங்களே ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லுங்கம்மா!"

அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை. உதடு தெளிவாகத் தெரிந்தது. நான் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள். நான் இன்னொரு தடவை காதைத் தொட்டேன். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

திரும்பினால் பக்கத்துத் தறி அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் உதட்டைப் படிக்கத் தெரியும் என்பதை மறந்திருந்தேன்.

"ஏம் புள்ள, அந்தப் பொண்ணு சொன்னது உனக்குத் தெரியவே இல்லையாக்கும்?" என்று வாயசைத்துவிட்டுத் தன் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு வேலை முடியும் வரை என் பக்கம் பார்க்கவே இல்லை.

இன்னொரு தடவை இப்படி ஏதாவது நடந்தால் என் மகள் யாரிடம் சொல்வாள் என்று அப்போதுதான் நினைத்தேன். சொல்ல இருந்த ஒருத்தியையும் நானே விரட்டியாயிற்று. என்னிடம் சொன்னால் அடி விழும்.

ஞாயிற்றுக்கிழமை தறி நின்றது. காலையில் இட்லி சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அந்தப் புள்ள சொல்லல சாமி. நீ பேசறத நான் பட்டறையில இருந்து பாத்தேன். உதட்டப் பாத்தா எனக்குத் தெரியும்."

"சும்மா அவளுக்காகச் சொல்லாதம்மா."

"நெசமாத்தான்."

அவள் எழுந்து வாசலைக் கடந்து, பூட்டியிருந்த பட்டறைக் கதவருகில் போய் நின்றாள், நான் தினமும் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில். குரல் இல்லாமல் வாயை அசைத்தாள்.

"இட்லி கல்லாட்டம் இருந்துச்சு" என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. மறுபடியும் அசைத்தாள். நேற்றுத் தோழி அழுதாளா என்று கேட்டிருந்தாள். "அழுதா" என்றேன்.

மூன்றாவது, மெதுவாக அசைத்தாள். நான் சும்மா நின்றேன். சத்தமாகச் சொல் என்று கையைக் காட்டினாள். பக்கத்து வீடுகளில் எல்லோரும் இருந்தார்கள். தறி ஓடாததால் மூச்சு விட்டாலும் கேட்கும்.

"அனுப்பலைன்னு தெரிஞ்சேதான் அடிச்சேன்" என்றேன்.

அவள் திரும்பி வந்தாள். "உள்ள வேல செய்யறவங்க எல்லாருக்கும் இது தெரியுமா?" என்று குரலோடு கேட்டாள்.

"தெரியும். நானும் சிலது சொல்லியிருக்கேன்."

"என்னென்ன?"

கொழம்பைச் சொன்னேன். நடையைச் சொன்னேன். பொங்கலைச் சொல்லும்போது அவள் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். அறைந்த அன்று அழாதவள் அப்போது அழுதாள்.

அவள் எதிரிலேயே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி, "நேத்து நீ சொன்னதும் எனக்குத் தெரிஞ்சுது கண்ணு. கேக்காத மாதிரி நின்னேன்" என்றேன். அந்தப் பெண் "சரிங்கம்மா" என்றாள். "அவ பக்கத்துல இருக்காளாங்க?"

மகள் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் கதவைத் தட்டவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. சாயங்காலம் அவள் வழக்கம்போல நாற்காலியை அதே இடத்தில் கொண்டுவந்து போட்டாள். சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, போனை எடுத்துப் பேசினாள். அவள் முதுகும் சடையும் தெரிந்தன. நான் தறி ஓட்டினேன்.