மூடி போடாத குப்பி

எங்கள் பள்ளி ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. உள்ளே விரல் நீளத்தில் காய்ந்த ஒன்று. அதைக் குச்சி என்று சொன்னால் டிரில் மாஸ்டருக்குக் கோபம் வந்துவிடும். "மூக்குன்னு சொல்லுங்க டீச்சர்" என்பார். குப்பிக்கு மூடி போடவும் விடமாட்டார்.

எண்பதுகளின் தொடக்கம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் நான் அறிவியல் ஆசிரியை. அருவியை அறிந்த அளவுக்குக் கடலை அறியாத எங்கள் பிள்ளைகளுக்கு அலையாத்தி மரங்களைக் காட்டலாம் என்று, தூத்துக்குடிப் பக்கம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனோம். நான் குடிதண்ணீர் கேட்டு ஊருக்குள் போய்வருவதற்குள் மாஸ்டர் பந்திக்கு இடம் தயார் செய்திருந்தார். குத்துக்கல்வலசையில் வயல் உள்ளவர் அவர். அறுப்பு முடிந்த வயலில் உட்காரும் முன் காலில் குத்தும் நெல் தாள்களைப் பிடுங்கிப் போடுவது அவர்கள் வழக்கம். ஓர் இளம் மரத்தைச் சுற்றி மண்ணிலிருந்து நிமிர்ந்து நின்றவற்றையும் தாள் என்றே நினைத்துவிட்டார். பிள்ளைகள் ஒன்றுவிடாமல் ஒடித்துக் குவித்து, இலையும் போட்டாயிற்று.

எனக்குக் குடத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அவை வேர்கள், சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றை வெளியே நீட்டித்தான் மூச்சு விடுகிறது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. மரம் செத்துவிடுமா என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"சாவாதுட்டி. தாள் தளிர்க்குத மாதிரி முளைச்சிரும்" என்ற மாஸ்டரின் முகம் வெளிறியிருந்தது. குவியலிலிருந்து ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறு வருஷம் அந்தச் சிறுமியையும் சேர்த்துத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தார். சுற்றிலும் பச்சை. அந்த ஒன்று மட்டும் விறகாக நின்றது. பட்டாளத்தில் இருந்து வந்த மனிதர், சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னது பொய்யாப் போச்சு தாயி" என்று அவளிடம் சொன்னார்.

அதன்பின் ஒவ்வொரு குற்றால சீசனிலும் பிள்ளைகளை அருவிக்கு நடத்திப் போவார். தலையைக் கொடுத்து, மூச்சு முட்டி வெளியே பாய்ந்து வருபவர்களிடம் குப்பியைக் காட்டுவார்.

"மூச்சு முட்டுனதும் நீங்க வெளிய வந்துட்டிய. அது எங்கன போவும்?"

மாஸ்டர் இப்போது இல்லை. போன மாதம் பள்ளி விழாவுக்குப் போனவள் ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்த்தேன். குப்பி அதே இடத்தில்தான் இருந்தது. தூசி படியக்கூடாது என்று யாரோ அக்கறையாக இறுக்கி மூடி வைத்திருந்தார்கள். திருகித் திறந்தேன். மூடியை அங்கே விட்டுவர மனம் வரவில்லை, கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.