சத்தம் பின்னால் வரும் விமானம்

மதராஸிலிருந்து மாற்றலாகி இந்தத் திருப்பாலைக்குடிக்கு வந்த நாளிலிருந்து என்னோடு பேசும் ஒரே ஆள், பக்கத்து வீட்டு ஆமினா. அவள் கணவருக்குப் பினாங்கில் ஒரு கடையில் வேலை. அவர் கடைசியாக ஊருக்கு வந்து நாலு வருடமாகிறது.

இன்று மாலை அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன்.

வெளிநாட்டில் சத்தத்தை விட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானம் செய்கிறார்களாம். ஒருநாள் சாதாரண ஜனங்களும் அதில் போகலாமாம்.

“சத்தம் எப்புடி டீச்சர்?” என்றாள்.

இரைச்சலைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, பாடம் நடத்தும் குரலில் சொன்னேன்: “விமானம் முன்னால் வந்துவிடும். சத்தம் பின்னால்தான் வரும்.”

ஆமினா கை வளையலை ஒரு சுற்று சுற்றினாள்.

“அப்ப அவுக வந்து எறங்குன பெறகு குடுத்தாப் போதுமா? கப்பல் சத்தத்துக்கு வழியில்லாமத்தானே அங்கன கெடக்காக. வரட்டும் டீச்சர், என் வளையலக் கழட்டிக் குடுத்துர்றேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சீமையில் சத்தம் என்றால் பயணக் கட்டணம்.

திருத்த மனசு வரவில்லை. அவள் வளையலை முந்தானையால் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் போனாள். நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

எனக்கோ, சத்தமே இல்லாத விமானம் விட்டாலும் வந்து இறங்க ஆள் இல்லை.

மதராஸ் நண்பர்களே, யாராவது இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் சொல்லுங்கள். பஸ் சத்தம் நான் தருகிறேன், வந்து இறங்கிய பிறகு.