செவலைக்குச் சொன்ன முடிவு

போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் என்னைக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் காரில் கூட்டிப்போனாள், சினிமா பார்க்க. பெரிய தியேட்டர் இல்லை. பழைய படப் பைத்தியங்கள் சிலபேர் சேர்ந்து ஒரு மாடியில் நடத்துகிற சின்னக் கொட்டகை. எழுத்து போட்டார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். முதல் பேரைக் கூட்டி முடிப்பதற்குள் பாட்டே வந்துவிட்டது. பாட்டைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, இது நான் முக்கால்வாசி பார்த்த படம்.

அந்தக் காலத்தில் எந்தப் படத்தையும் நான் முழுசாகப் பார்த்ததில்லை. அப்போது புவனகிரியில் இருந்தோம். கறவை மாடு வைத்திருந்த பொம்பளைகள் சிதம்பரத்துக்கு மேட்னி ஷோ போனால், படம் முடியுமுன்னே எழுந்து பஸ்ஸுக்கு ஓட வேண்டும். நேரத்துக்குக் கறக்காவிட்டால் மடி கட்டிப்போகும். நாங்கள் வரிசையாக எழுந்தால், "போங்க போங்க, மாடு தேடுது" என்று பின்னாலிருந்து கேலி பண்ணுவார்கள். இந்தக் கொட்டகையில் ஏசி வாசனைதான். அந்தத் தியேட்டரின் பீடி நாற்றம் சேலையில் ஏறி, வீட்டுக்குப் போனதும் மாடு மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் ஆம்பளைகள் பக்கம் உட்கார்ந்து முழுப்படமும் பார்த்துவிட்டு நான் தண்ணி காட்டித் தீவனம் வைத்துக் கறக்க உட்காருவதற்குள் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார். முடிவு என்னவென்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் என் கௌரவம் என்னாவது? அது அவருக்கும் தெரியும். நான் கறக்கும்போது கன்றைப் பிடித்துக்கொண்டு நின்று, முடிவை மாட்டிடம் சொல்லுவார். செவலை என்று அதற்குப் பேர். நான் காதில் விழாத மாதிரியே கறப்பேன். சண்டைப் படமென்றால் அவர் ஆடுகிற ஆட்டத்தில் செவலை உதைத்துவிடும்.

இந்தப் படத்தில் ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடக்கும். தாய்க்காரி மழையில் வைத்தியரைத் தேடி ஓடுவாள். அந்த இடத்தில்தான் அன்று எழுந்துபோனேன். அப்போது நான் ஏழு மாசம். முதல் பிள்ளை காய்ச்சலில் போய் வருஷம் திரும்பவில்லை. அன்றைக்கு மட்டும் கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. அவர் வந்து கன்றைப் பிடித்தார்.

"செவல, கேட்டியாடி சேதி? வைத்தியரு வந்துட்டாரு. புள்ள கண்ணத் தொறந்து கஞ்சி கேட்டுச்சு. அவ்ளோதான் படம்."

அன்று நன்றாகத் தூங்கினேன். வயிற்றில் இருந்தவன்தான் இந்த மருமகளின் புருஷன்.

"அத்தை, கால் வலிக்குதா? கெளம்பிடலாமா?" என்று மருமகள் காதோடு கேட்டாள்.

"முடிவப் பாத்துட்டுப் போவோம்."

வைத்தியர் வந்தார். அதற்குள் பிள்ளை போய்விட்டது. தாய்க்காரி ஈரச் சேலையோடு வாசலிலேயே நின்றாள். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

கஞ்சியெல்லாம் அவர் சேர்த்தது. பஸ் வெள்ளாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் ஜோடித்திருப்பார். எனக்கு அழுகை வரவில்லை. ரொம்ப நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி வெகுநாளாகிறது. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் யாரோ வீடு கட்டிவிட்டார்கள். அவரும் போய்விட்டார். அவர் சொன்ன மற்ற முடிவுகளில் எது படத்தில் இருந்தது, எது அவருடையது என்று இனிமேல் கேட்க முடியாது. அவர் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.